இளைப்பாறலாம், தங்கக் கூடாது: ஜப்பானின் சாலை நிலையங்களும் சில நூறு ஆண்டுப் பழைய ஒரு விதியும்

ஜப்பானில் கார் வாடகைக்கு எடுத்துச் சுற்றும் நம்மவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே வருகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி அங்கே செல்லும், வண்டியும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், அதனால் பெரிய தயக்கம் இல்லாமல் கிளம்பிவிடுகிறார்கள். கிளம்பிய பிறகுதான் ஒரு குழப்பம். சாலையோரம் 'மிச்சி-நோ-எக்கி' என்று ஒரு நிறுத்தம் வருகிறது. நாள் முழுக்கத் திறந்திருக்கும், வண்டி நிறுத்தக் காசில்லை, கழிப்பறை பளிச்சென்று இருக்கிறது. ஆனால் வண்டியிலேயே இரவு தங்கலாமா என்று கேட்டால் ஒருவர் தாராளமாக என்கிறார், இன்னொருவர் கூடவே கூடாது என்கிறார். நீண்ட விடுமுறைக் காலங்களில் இந்தச் சர்ச்சை ஜப்பானியச் செய்திகளிலும் வந்துவிடும். போதாக்குறைக்கு, நிலநடுக்கம் வந்தால் மீட்புப் பணிச் செய்திகளிலும் இதே பெயர் அடிபடுகிறது. கடையா, அரசு அலுவலகமா, நிவாரண முகாமா, எதுதான் இது?

அதைப் புரிந்துகொள்ள நான் எடுத்துக்கொள்ளும் இடம் ஷிசுவோகா மாநிலத்தில், தேசிய நெடுஞ்சாலை 1-இல் இருக்கும் உத்சுனோயா கணவாய் நிலையம். எடோவையும் (இன்றைய தோக்கியோ) கியோத்தோவையும் இணைத்த பழைய தோகாய்தோ பெருவழி கடந்த அதே மலையில்தான் இந்த நிலையமும் இருக்கிறது. தங்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு இதே கணவாயில் சில நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பதில் இருந்தது என்பதுதான் இந்த இடத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்.

முதலில் பெயர்

'மிச்சி' என்றால் சாலை, 'எக்கி' என்றால் நிலையம். சாலை நிலையம், அவ்வளவுதான். ஆனால் 'எக்கி' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இன்றைக்கு ஜப்பானில் எக்கி என்றால் ரயில் நிலையம் என்றுதான் குழந்தை கூடச் சொல்லும். அந்த எழுத்தை எழுதிப் பார்த்தால் இடப்பக்கம் இருப்பது குதிரையைக் குறிக்கும் வடிவம். ரயிலுக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்? ரயில்தான் அந்தச் சொல்லை இரவல் வாங்கியது. 8ஆம் நூற்றாண்டில் சட்டத் தொகுப்பின்படி அரசுச் சாலைகளில் ஏறத்தாழ 16 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வைத்து, அரசுத் தூதர்கள் மாற்றிக்கொள்ளக் குதிரைகளைக் கட்டிவைத்தார்கள். தோகாய்தோவில் நிலையத்துக்கு 10 குதிரை என்பது விதி. அந்தக் குதிரை நிலையத்தின் பெயர்தான் எக்கி. ஆக, சாலை நிலையம் என்று 1990களில் பெயர் வைத்தபோது, சாலையிடமிருந்து ரயில் எடுத்துக்கொண்ட சொல் சாலைக்கே திரும்பி வந்தது.

பழைய பெருவழி எப்படி நடந்தது

1601-இல், நாட்டைத் தன் ஆட்சியின்கீழ் கொண்டுவந்த தொகுகாவா இயேயாசு தோகாய்தோ நெடுக நிலைய ஊர்களை ஏற்படுத்தத் தொடங்கினார். இவற்றுக்கு 'ஷுகுபா' என்று பெயர். எடோவுக்கும் கியோத்தோவுக்கும் நடுவில் மொத்தம் 53. உத்சுனோயா கணவாய் 20ஆவது ஊரான மரிகோவுக்கும் 21ஆவது ஊரான ஒகாபேவுக்கும் இடையில் இருக்கிறது; இரண்டுக்கும் தூரம் சுமார் 8 கிலோமீட்டர், நடுவில் மலை.

இந்த ஏற்பாட்டின் கணக்கைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்:

1. கடமை. நிலைய ஊர் எப்போதும் ஆளும் குதிரையும் தயாராக வைத்திருக்க வேண்டும். தோகாய்தோவில் 1630களின் கடைசியிலிருந்து ஊருக்கு 100 ஆள், 100 குதிரை. அரசு வேலையாக வருகிறவர்களுக்கு இலவசமாகவோ நிர்ணயித்த குறைந்த கூலிக்கோ சுமை தூக்க வேண்டும். 1635-இல் பிரபுக்கள் ஆண்டு விட்டு ஆண்டு எடோவில் வந்து இருக்க வேண்டும் என்பது சட்டமானதும், பரிவாரங்களோடு போகவர என்று இந்தப் பாரம் பல மடங்கானது. ஊரில் ஆள் போதாவிட்டால் சுற்றுக் கிராமங்களிலிருந்து உழவர்களை இழுத்தார்கள்.

2. கைம்மாறு. இவ்வளவு செய்யும் ஊருக்கு இரண்டு சலுகை. ஒன்று, வீட்டுமனை வரி கிடையாது. இன்னொன்று, பயணிகளைத் தங்கவைத்துச் சம்பாதிக்கும் உரிமை. பிரபுக்களுக்கு 'ஹோன்ஜின்', சாதாரண மக்களுக்கு 'ஹதாகோ' என்ற விடுதிகள்.

3. காவல். அந்த உரிமையை வேறு யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த மூன்றாவதில்தான் நம் கணவாய் வருகிறது. இரண்டு நிலைய ஊர்களுக்கு நடுவில், ஏற்றம் ஏறிக் களைத்தவர்கள் உட்கார இடம் வேண்டுமே. அப்படித் தானாக முளைத்த சிற்றூர்களை 'ஐநோஷுகு' என்றார்கள், இடைநிலை ஊர் என்று சொல்லலாம். உத்சுனோயா அப்படிப்பட்ட ஊர். இங்கே தேநீர் கொடுக்கலாம், தின்பண்டம் விற்கலாம், செருப்பு விற்கலாம். ஆனால் யாரையும் இரவு தங்கவைக்கக் கூடாது. தங்கவைத்தால் மரிகோவின் பிழைப்பும் ஒகாபேயின் பிழைப்பும் போகும், அவை போனால் 100 ஆளுக்கும் 100 குதிரைக்கும் யார் கூலி கொடுப்பது?

விதி எவ்வளவு கெடுபிடி என்பதற்கு மேற்கே கொஞ்சம் தள்ளியிருக்கும் கிகுகாவா ஒரு சான்று. அதுவும் இடைநிலை ஊர்தான். ஓய் ஆற்றில் வெள்ளம் வந்து ஆற்றைக் கடக்கத் தடை போட்ட நாள்களில் கூட, கனாயா நிலைய ஊரின் அனுமதி இல்லாமல் கிகுகாவாவில் ஒரு பயணியைப் படுக்கவைக்க முடியாது. முறையான சாப்பாடு, அதாவது தலை வால் உள்ள முழு மீனோடு பரிமாறுவது கூட அங்கே கூடாது. அதனால்தான் கீரை கலந்த சோறும் மிசோ என்ற சோயா விழுது தடவிச் சுட்ட டோஃபுவும் அந்த ஊரின் அடையாளச் சாப்பாடாயின என்று சொல்கிறார்கள். உத்சுனோயாவில் விற்றது 'தோதாங்கோ'. மணி மணியாக உருட்டிய மாவுருண்டைகளைப் பத்துப் பத்தாக நூலில் கோத்திருப்பார்கள். பயணத்தில் தீங்கு வராமல் காக்கும் என்று நம்பி வாங்கினார்கள். இப்போதும் அந்த ஊரின் கேய்ரியூஜி கோயிலில் ஆகஸ்டுத் திருவிழாவின்போது கிடைக்கும்.

ரயில் வந்தது, சாலை வெறிச்சோடியது

1872-இல், தொகுகாவா ஆட்சிக்குப் பிறகு வந்த மெய்ஜி அரசு இந்த ஆள்–குதிரை ஏற்பாட்டை ஒழித்துவிட்டது. 1889-இல் தோக்கியோவிலிருந்து கோபே வரை தோகாய்தோ ரயில் பாதை முழுமையானது. ரயிலுக்கு மலை ஏறத் தெரியாது, அது கடற்கரைப் பக்கமாக யாயிசு வழியே சுற்றிக்கொண்டு போனது. மரிகோ, உத்சுனோயா, ஒகாபே மூன்றும் ஒதுங்கிப்போயின. பெருவழி ஓரத்து ஊர் ஒன்று பிழைப்பை இழப்பது எப்படி என்று பார்க்க வேண்டுமானால் இதைப் பார்த்தால் போதும்: போரில்லை, பஞ்சமில்லை, வழி மாறியது, அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கணவாயைச் சாலை கைவிடவில்லை. மலையைத் துளைத்துக்கொண்டே இருந்தார்கள். 1876-இல் தோண்டிய முதல் சுரங்கப்பாதை, ஜப்பானிலேயே கட்டணம் வாங்கிய முதல் சுரங்கப்பாதை என்று பெயர் வாங்கியது. இருபக்கமும் தோண்டி வந்து நடுவில் சேர்த்ததில் அது வளைந்திருந்தது; உள்ளே வெளிச்சம் எட்டாததால் விளக்கு ஏற்றிவைத்தார்கள்; அந்த விளக்கே தீப்பிடித்து, தாங்கியிருந்த மரக்கட்டைகள் எரிந்து அது பாழானது. 1904-இல் நேராக, செங்கல் வைத்துத் திரும்பக் கட்டினார்கள். 203 மீட்டர் நீளமுள்ள அந்தச் செங்கல் சுரங்கத்தில் இன்றும் நடந்து போகலாம். உள்ளே நுழைந்ததும் வெயில் நாளில் கூடச் சட்டென்று குளிர்கிறது, செங்கல் வரிசை கைக்கெட்டும் தூரத்தில் வளைந்து தலைக்கு மேல் போகிறது, அந்தப் பக்கத்து வாசல் ஒரு சிறு வெளிச்சப் பொட்டாகத் தெரிகிறது. இதற்குப் பிறகு 1930-இல் ஒன்று, 1959-இல் ஒன்று, 1990களில் இன்னொன்று. ஹெயான் காலத்து (8–12ஆம் நூற்றாண்டு) ஒற்றையடிப் பாதையான 'த்சுதா-நோ-ஹோசோமிச்சி'யையும் தொகுகாவா ஆட்சி நடந்த எடோ காலத்துப் பெருவழியையும் சேர்த்தால் ஒரே மலையில் ஆயிரம் ஆண்டுச் சாலை வரலாறு அடுக்கடுக்காகக் கிடக்கிறது. இப்படி எல்லாத் தலைமுறைச் சாலைகளும் பக்கத்துப் பக்கத்தில், நடந்தே பார்க்கும்படி இருக்கும் இடம் ஜப்பானிலேயே அரிது. இதைப் பார்க்காமல் நிலையத்தில் தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கும்.

சாலை நிலையம் பிறந்த கதை

1969-இல் தோக்கியோ–நகோயா அதிவேகச் சாலை முழுதும் திறந்தது. அதில் கட்டணம் கட்டிப் போகிறவர்களுக்கு உணவகம், கழிப்பறை, எரிபொருள் எல்லாம் உள்ளேயே இருந்தன. கட்டணமில்லாத சாதாரணச் சாலையில் போகிறவர்களுக்கு அப்படி எதுவும் உறுதியில்லை. தனியார் உணவகங்கள் இருந்தன, ராத்திரியானால் மூடிவிடுவார்கள். தொலைதூர லாரி ஓட்டுநர்களுக்கும், குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் இது பெரும்பாடு.

1990-இல் ஹிரோஷிமாவில் நடந்த ஒரு கருத்தரங்கில் ஒருவர் எழுந்து, ரயிலுக்கு நிலையம் இருக்கும்போது சாலைக்கும் நிலையம் இருந்தால் என்ன என்று கேட்டார். அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டே யமாகுச்சி, கிஃபு, தொச்சிகி மாநிலங்களில் கூடாரம் போட்டு, தற்காலிகக் கழிப்பறை வைத்து, ஊர்க்காரர்கள் காய்கறி விற்று வெள்ளோட்டம் பார்த்தார்கள். 1993 ஏப்ரலில் கட்டுமான அமைச்சகம் முதல் தொகுதியாக 103 நிலையங்களைப் பதிவு செய்தது. இன்று நாடு முழுக்க 1,200-க்கு மேல்.

பதிவு பெற என்ன வேண்டும்?

1. இளைப்பாற வசதி: 24 மணி நேரமும் இலவச நிறுத்துமிடம், 24 மணி நேரமும் திறந்த சுத்தமான கழிப்பறை, தொலைபேசி.

2. தகவல்: சாலை நிலவரம், சுற்றுவட்டாரத்தில் பார்க்க வேண்டியவை, அவசர மருத்துவ வசதி எங்கே என்பது.

3. ஊர்த் தொடர்பு: அந்த வட்டாரத்துக்குப் பயன்படும் கடை, உணவகம், கலைக்கூடம், வெந்நீர்க் குளியல், எதுவானாலும் சரி.

நிலையத்தை அமைப்பது நகராட்சியோ கிராம நிர்வாகமோ, அதற்கு ஒப்பான பொது அமைப்போ. தனியார் ஒருவர் தானாக ஒன்றைக் கட்டி இந்தப் பெயரை வைத்துக்கொள்ள முடியாது. பணத்தைப் பொறுத்தவரை இரண்டு வகை: நிறுத்துமிடத்தையும் கழிப்பறையையும் சாலைக்குப் பொறுப்பான அரசு கட்டி, கடையை மட்டும் ஊர் கட்டுவது ஒன்று, எல்லாவற்றையும் ஊரே கட்டுவது இன்னொன்று. ஏறத்தாழப் பாதிக்குப் பாதி.

கழிப்பறை சாலையின் கடமை, கடை ஊரின் பிழைப்பு. எடோ காலத்து ஏற்பாட்டில் ஊருக்குக் கடமையும் பிழைப்பும் சேர்ந்தே இருந்ததைப் பார்த்தோம் அல்லவா? இங்கேயும் அதே முடிச்சுதான், ஆனால் கடமையின் ஒரு பகுதியை இந்த முறை அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உழவரைப் பிடித்து இழுத்துப்போய்ச் சுமை தூக்கவைத்த பழைய முறையை விட இது எவ்வளவோ நியாயம்.

காய்கறித் தட்டில் இருக்கும் பெயர்

ஊரின் பிழைப்பு என்று சொன்னது எப்படி நடக்கிறது என்று பார்க்க, காலையில் கடை திறக்கும் முன் போக வேண்டும். சின்னச் சின்ன வெள்ளை லாரிகள் பின்வாசலுக்கு வரும். முட்டியளவு ரப்பர் காலணி போட்ட வயதானவர்கள் இறங்கி, பிளாஸ்டிக் தட்டுகளைத் தூக்கி வைப்பார்கள். ஒரு சிறு இயந்திரத்தில் பொருள், விலை, தன் பெயர் மூன்றையும் அடித்து, வரும் பட்டைக்குறிச் சீட்டை ஒவ்வொரு பையிலும் தாங்களே ஒட்டுவார்கள். விலையை வைப்பது விளைவித்தவர். பக்கத்துத் தட்டில் இன்னொருவர் அதே முள்ளங்கியைப் பத்து யென் குறைத்து வைத்திருந்தால் அதைப் பார்த்துத் தானும் யோசிப்பார். எவ்வளவு விற்றது என்ற கணக்கு பல இடங்களில் பகலிலேயே கைப்பேசிக்கு வந்துவிடும், தீர்ந்துபோனால் தோட்டத்துக்குப் போய் இன்னும் கொஞ்சம் பிடுங்கி வருவார்கள். மாலையில் விற்காததைத் தாங்களே எடுத்துக்கொண்டு போக வேண்டும். நிலையம் விற்பனையில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளும். இடத்துக்கு இடம் மாறும், பெரும்பாலும் 15, 20 சதவீதம் என்ற அளவில்.

இதனால் என்ன ஆகிறது என்றால், மொத்தச் சந்தையின் அளவுக்கும் வடிவத்துக்கும் பொருந்தாத கோணல் வெள்ளரிக்கும், ஒரு மூதாட்டி வீட்டுக் கொல்லையில் விளைந்த நான்கு கட்டுக் கீரைக்கும் விலை கிடைக்கிறது. பெரிய வருமானம் இல்லை. ஆனால் எழுபது வயதில் ஒருவர் காலையில் எழுந்து தோட்டத்துக்குப் போக ஒரு காரணம் கிடைக்கிறது, வாங்குகிறவருக்கு யார் விளைவித்தது என்று பெயரோடு தெரிகிறது. சாலை நிலையங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பெயர்ச் சீட்டுதான்.

நிலம் நடுங்கினால்

1993-இல் விதி எழுதியபோது பேரிடர் யாருடைய மனத்திலும் முதலில் இல்லை. 2004 அக்டோபரில் நீகாத்தாவில் நிலநடுக்கம் வந்தபோது, வீட்டுக்குள் போகப் பயந்தவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு நேராகச் சாலை நிலையங்களுக்கு வந்துவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் இது இயல்பு: அகலமான வெளி, இரவும் திறந்த கழிப்பறை, எல்லாருக்கும் வழி தெரிந்த இடம். 2011 ஆழிப்பேரலையிலும் உள்நாட்டுப் பக்கம் இருந்த நிலையங்கள் மீட்புப் படைகளுக்கும் தொண்டர்களுக்கும் தளமாயின. கடற்கரையோரம் ரிக்குசென்தகாத்தாவில் இருந்த நிலையமோ அலையில் சிதைந்தது, 2019-இல்தான் புதிதாகத் திறந்தார்கள்.

இதற்குப் பிறகு இது தற்செயலாக விடப்படவில்லை. 2021-இல் 39 நிலையங்களைப் 'பேரிடர்த் தடுப்புச் சாலை நிலையம்' என்று அரசு தேர்ந்தெடுத்தது. மின்சாரமும் தண்ணீரும் நின்றாலும் மூன்று நாளாவது தானே தாங்க வேண்டும், படைகள் வந்து இறங்க இடம் வேண்டும் என்பவை நோக்கம். அவற்றில் ஒன்றான நோத்தோ சத்தோயாமா விமான நிலைய வளாகத்து நிலையம், 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்தில் சாலைச் சீரமைப்புக்கும் நிவாரணத்துக்கும் தளமாகச் செயல்பட்டது. நிவாரணச் செய்திகளில் இந்தப் பெயர் வருவது இப்படித்தான்.

சரி, இரவு தங்கலாமா?

அரசின் நிலைப்பாடு தெளிவானது. தூக்கம் கண்ணைச் சுழற்றினால், இரவோ பகலோ, வண்டியை நிறுத்திக் கொஞ்சம் கண்ணயரலாம். விபத்தைத் தடுக்கத்தானே அந்த இடமே இருக்கிறது. ஆனால் தங்குவதையே நோக்கமாக வைத்து வருவதைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறது. தேநீர் உண்டு, படுக்கை இல்லை என்ற பழைய இடைநிலை ஊர் விதி கிட்டத்தட்ட அப்படியே.

வேறுபாடு காரணத்தில் இருக்கிறது. அன்றைக்குக் காப்பாற்றியது பக்கத்து ஊர் விடுதிக்காரரை. இன்றைக்குக் காப்பாற்றுவது நள்ளிரவு இரண்டு மணிக்கு வந்து சேரும் லாரி ஓட்டுநரின் இடத்தை. அவருக்குச் சட்டப்படியும் உடம்புப்படியும் ஓய்வு தேவை, வேறு இடமும் இல்லை. 'இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது' போல வண்டிக்கு வெளியே மேசை நாற்காலி போட்டு, அடுப்பு மூட்டி, கழிப்பறையில் கைகழுவும் தொட்டியில் பாத்திரம் கழுவி, வீட்டுக் குப்பையைக் கொட்டிவிட்டுப் போகும்போது, அதைச் சுத்தம் செய்வது அந்தச் சிற்றூர்தான். கண்ணயர்வதற்கும் தங்குவதற்கும் கோடு எங்கே என்று மணிக்கணக்கில் யாரும் எழுதிவைக்கவில்லை, குழப்பம் முழுதும் அங்கேதான். என் கருத்தில் வழி எளிது: சாமான் வண்டியை விட்டு வெளியே வந்தால் அது தங்கல். ஆசையாக வண்டியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றால், சில நிலையங்கள் ஒரு பகுதியை ஒதுக்கிக் கட்டணம் வாங்கி, மின் இணைப்போடு அனுமதிக்கின்றன. அங்கே போங்கள்.

கவலைகள் இல்லாமல் இல்லை

எல்லா நிலையமும் செழிக்கவில்லை. 1990களில் கட்டியவை பழுதாகின்றன, காய்கறி கொண்டுவரும் கைகள் மூப்படைகின்றன, எல்லா நிலையத்திலும் ஒரே மாதிரி பிஸ்கட் பெட்டிகள் அடுக்கியிருந்தால் நிற்க என்ன காரணம் இருக்கிறது? இன்னொன்று எனக்கு உறுத்துவது: புறவழிச் சாலையில் நிலையம் இருந்தால் வண்டிகள் அங்கேயே நின்று அங்கேயே வாங்கிவிட்டுப் போய்விடும், உள்ளே இருக்கும் பழைய ஊரின் கடைத்தெருவில் யாரும் கால்வைப்பதில்லை. ரயில் செய்ததையே நிலையமும் செய்துவிடக் கூடாது.

போகிறவர்களுக்கு

உத்சுனோயா நிலையம் கணவாயின் இரண்டு பக்கமும், ஷிசுவோகா நகரப் பக்கமும் ஃபுஜிஏதா பக்கமும், தனித்தனியாக இருக்கிறது, எந்தத் திசையில் வருகிறீர்கள் என்று பார்த்து நுழையுங்கள். ஷிசுவோகா பக்கத்தில் இறங்கினால் பழைய இடைநிலை ஊர் நடக்கும் தூரம்தான். சரிவில் ஏறும் தெருவில் வீடுகள் இன்னமும் பழைய கடைப்பெயர்ப் பலகையோடு நிற்கின்றன, உள்ளே மக்கள் குடியிருக்கிறார்கள், அதனால் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். தெருவுக்கு மேலே செங்கல் சுரங்கம். மலையேற மனமிருந்தால் எடோ காலத்துப் பாதையில் போய், சுரங்கம் வழியாகத் திரும்பலாம். மழை பெய்திருந்தால் பாதை வழுக்கும், அப்போது சுரங்கம் மட்டும் போதும்.

அப்புறம் ஒகாபேவுக்கு வண்டியை விடுங்கள். அங்கே 1836-இல் கட்டிய 'கஷிபாயா' என்ற பெரிய ஹதாகோ அருங்காட்சியகமாக நிற்கிறது. மரிகோவும் ஒகாபேவும் யாருக்காக உத்சுனோயாவில் படுக்கை விரிக்க விடவில்லையோ, அப்படிப்பட்ட ஒரு விடுதி. காலணியைக் கழற்றிவிட்டு மாடிக்கு ஏறினால் பயணிகள் படுத்த அறைகளைப் பார்க்கலாம். இப்போது அங்கேயும் யாரும் இரவு தங்குவதில்லை.